மைக்செட்காரரின் கை

என் அக்கா புருஷனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "என்ன மைக்செட்டு, இன்னிக்கு எங்க கூட்டம்?" என்றுதான் டீக்கடையில் கேட்பார்கள். நான் மாமா என்பேன். கோபம் வந்தால் நானும் மைக்செட் என்றுதான் சொல்வேன். ஒருமுறை அந்தக் கோபம் வந்து பல வாரம் இறங்கவில்லை. இப்போதும் முழுதாக இறங்கிவிட்டது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

மாமாவின் கடை ஒற்றை அறை. ஒரு பக்கச் சுவர் முழுக்க ஸ்பீக்கர் பெட்டிகள், எதிர்ச்சுவரில் ஆணி ஆணியாக வயர்ச் சுருள்கள். வயரை எட்டுப் போட்டுத்தான் சுருட்டுவார். உதவிக்கு வந்தவன் யாராவது வட்டமாகச் சுருட்டி மாட்டிவிட்டால், ஒன்றும் பேசாமல் முழுவதையும் தெருவில் நீட்டிப் போட்டு மறுபடி சுருட்டுவார். சாயங்காலங்களில் மைக்குகளின் வலைமூடிகளைக் கழற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கொண்டிருப்பார். "ஊர்ப்பட்ட எச்சில் மாப்ள" என்பார். எச்சிலில்கூட யார் யாருடையது என்று சொல்லிவிடுவார் போலிருக்கும். காது அப்படி. குரலை ஒருமுறை கேட்டால் போதும். இருட்டில் இருமினால்கூட ஆளைச் சொல்லிவிடுவார்.

ஆனால் வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களின் பேச்சுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனிதர், மைக்கில் பேசிய ஒரே வாசகம் "ஹலோ, மைக் டெஸ்ட்" என்பதுதான். அதையும் யாரோ திட்டுவதற்கு முன்னால் சொல்லி முடிப்பதுபோல அவசரமாகச் சொல்வார். கல்யாணத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னபோது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டவர் அவர். அவருடைய இடமே அதுதான். மேடை ஓரத்தில் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி, அதில் அவர், மடியை ஒட்டி ஆம்ப்ளிஃபையர். கூட்டத்துக்கு அவர் தலை மட்டும்தான் தெரியும்.

நகராட்சிக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. ஒவ்வொரு பேட்டையாகப் போய், உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும் என்று மக்களையே கேட்பது என்று முடிவு செய்தார்கள். பள்ளிக்கூட ஹாலிலோ சமுதாயக் கூடத்திலோ நாற்காலி போடுவது, சுவரில் பேட்டையின் பெரிய வரைபடத்தை ஒட்டுவது, ஒருவர் பின் ஒருவராக மைக்கில் வந்து சொல்வது, சொல்லச் சொல்ல வரைபடத்தில் குறிப்பது. மைக்கில் சொன்னதுதான் கணக்கு. இதற்கெல்லாம் பொறுப்பாகத் திட்ட அதிகாரி ஒருவரைப் போட்டார்கள். தடித்த கண்ணாடி, மெல்லிய குரல், யாரையும் முறைக்கத் தெரியாத முகம். நல்ல மனிதர். எல்லாக் கூட்டத்துக்கும் மாமாவின் செட்தான் என்று எழுதிக் கொடுத்ததும் அவர்தான். மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சிக்கல் இரண்டாவது கூட்டத்திலேயே வந்தது. மைக்கைப் பிடித்த ஒருவர் விடவே இல்லை. பக்கத்து வீட்டு நாயில் ஆரம்பித்து, அந்த நாயை வளர்த்தவரின் அப்பா எந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டார் என்பதுவரை போய்விட்டார். அறுவை என்றால் அறுவை. அதிகாரி கையைப் பிசைந்தார். போதும் என்று சொன்னால் மக்கள் குரலை அமுக்கினார்கள் என்று பேச்சு வரும். மாமா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம் என்று திருகைத் தொட்டார். கூடுதலாகத் திருகிவிட்டது போலும். மைக் 'கீ...' என்று கூவியது. நாய்க்காரர் அலறியடித்துப் பின்னால் குதித்தார். "மன்னிக்கணும், மைக்குல ஏதோ கோளாறு. அடுத்தவங்க வாங்க" என்றார் அதிகாரி. அவர் முகத்தில் வந்த நிம்மதியை மாமா வீட்டில் எங்களுக்கு நடித்தே காட்டினார்.

அதன் பிறகு அது தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது. இருவரும் வாய்திறந்து பேசிக்கொண்டது இல்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் போதும், மாமாவின் கட்டைவிரல் வேலையைக் காட்டும். ஆண்குரலுக்கு இவ்வளவு, கீச்சுக்குரலுக்கு இவ்வளவு என்று அவருக்குள் ஓர் அளவே உருவாகிவிட்டது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் மழைநீர் வடிகாலின் சரிவை விளக்கிக் கொண்டிருந்தபோது கூவ விட்டதில், மனிதர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சாப்பிட்ட கையோடு சிரித்தோம்.

அக்காவும்தான் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "பாவம்ங்க, என்ன சொல்ல வந்தாரோ" என்றாள்.

"என்ன சொல்லப் போறாரு? சாக்கடை, தெருவிளக்கு, குப்பை. எல்லாப் பேட்டையிலும் இதே பாட்டுதான். முதல் வரியைக் கேட்டாலே மிச்சத்தை நான் சொல்லிடுவேன்."

அக்கா சந்தையில் காய்கறி விற்கிறாள். எனக்கும் அதே சந்தையின் முனையில்தான் தையல் கடை. வெயில் ஏறுவதற்கு முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்தாளானால் விளக்கு வைத்த பிறகுதான் எழுந்திருப்பாள். குரல் கணீரென்று இருக்கும். தக்காளியைக் கூவி விற்றால் என் தையல் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்கட்டுக்கு ஓடுவாள். திரும்பி வந்து, நின்றபடியே குடத்திலிருந்து மொண்டு மொண்டு தண்ணீர் குடிப்பாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தால் நமக்கே மூச்சுமுட்டும். மாமா அவளுக்கு வைத்த பெயர் ஒட்டகம். "ஒட்டகம் வந்துடுச்சு, குடத்தை ஒளிச்சு வைங்கடா" என்பார். அவளும் வாயைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள்.

சந்தையில் கழிப்பறை ஒன்று இருந்தது. எப்போதோ தண்ணீர்க் குழாய் உடைந்தது, பூட்டினார்கள், பூட்டியது பூட்டியபடியே இருக்க, குத்தகைக்காரர் சாக்குமூட்டை அடுக்க ஆரம்பித்தார். ஆண்களாகிய எங்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. எங்களுக்கு ஊரெல்லாம் சுவர். பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று, தினம் அவர்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்த எனக்கும் யோசிக்கத் தோன்றியதில்லை.

எங்கள் பேட்டைக்குக் கூட்டம் வருகிறது என்று தெரிந்ததும் சந்தைப் பெண்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். யார் சொல்வது? இதை எப்படி ஆம்பளைகள் நடுவில் வாய்விட்டுச் சொல்வது? கீரைக்கார அத்தைதான் அக்காவைக் கைகாட்டினாளாம். "மைக்கே உங்க வீட்டு மைக்கு. உனக்கென்னடி பயம்?"

அன்று காலையில் நான் அங்கே இருந்தேன். அக்கா கரண்டியை மைக் மாதிரி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஏங்க, மைக்குல இருந்து எவ்வளவு தள்ளி நிக்கணும்?" என்று கேட்டாள்.

"ஒரு சாண். ஏன், யாரு பேசப் போறா?"

"நான்தான். சந்தை சார்பா ரெண்டு வார்த்தை."

"நீயா? உனக்கு எதுக்கு மைக்கு? உன் குரலுக்கு ஊரே எழுந்து ஓடிடும்" என்று மாமா வயரைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். என்ன பேசப் போகிறாய் என்று கேட்கவில்லை. தெரியும் என்று நினைத்திருப்பார்.

பள்ளிக்கூட ஹால் நிரம்பியிருந்தது. நான் கடையைச் சாத்திவிட்டு வருவதற்குள் இடம் போய்விட்டது. கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரில் சாய்ந்து நின்றேன். வேகத்தடை கேட்டார்கள், விளையாட்டுத் திடலுக்கு வேலி கேட்டார்கள், வரைபடத்தில் குறிகள் ஏறின. அக்கா எழுந்து போனாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு சாண் தள்ளி, காலையில் மாமா சொன்னபடி நின்றாள். சந்தையில் கேட்கும் குரல் இல்லை அது. தொண்டைக்குள்ளேயே நின்றுகொண்டு வர மறுத்த குரல்.

"நாங்க சந்தையில காய் விக்கிறவங்க. ஐயா, எங்களுக்கு... பொம்பளைங்க எங்களுக்கு அங்க ஒண்ணுக்குப் போக இடமில்ல."

எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னே போனது. ஒருவன், "நம்ம மைக்செட்டு சம்சாரம்டா" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. அக்கா நிறுத்தவில்லை. "அதனால நாங்க காலையில இருந்து" என்று ஆரம்பித்தாள்.

மைக் கூவியது.

அதுவரை நான் கேட்டதிலேயே நீளமான கூவல் அது. முன்வரிசைக் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. அக்கா குதிக்கவில்லை, காதைப் பொத்திக்கொள்ளவில்லை. மாமா உட்கார்ந்திருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலைப்பைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்துவிட்டாள். "ஒரு நிமிஷம்மா, சரி பண்ணிடுவாங்க" என்று அதிகாரி பின்னால் சொன்னது அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, நேராக வாசலைப் பார்த்து நடந்தாள். அதற்குள் அடுத்த ஆள் மைக்குக்கு வந்துவிட்டார்.

கீரைக்கார அத்தை எழுந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எந்தப் பெண் எழுந்திருப்பாள்?

வெளியே வந்து மாமாவைப் பிடித்தேன். வயர் சுருட்டிக் கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்காமல். "நான் என்ன மாப்ள பண்ணுவேன்? அதிகாரி கண்ணாடியைக் கழட்டிட்டாரு. பழகின கை, சட்டுனு போயிடுச்சு."

"பேசினது அக்கான்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாம இருக்குமா? அவர் கொடுத்த வேலை இது. நாளைக்கு வேற செட்டை வச்சுக்கிட்டா?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. எனக்கு அதிகாரி மேல் ஆத்திரம் வந்தது. மெல்லிய குரலை வைத்துக்கொண்டு என்ன வேலை பார்க்கிறான் பார் என்று பல்லைக் கடித்தேன். சுருட்டி முடித்த வயரைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். மாமா வட்டமாகச் சுருட்டியிருந்தார்.

அக்கா வீட்டில் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒட்டகம் என்று அவர் கூப்பிட்டபோது சிரிக்க மட்டும் இல்லை. மாமா இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பெயரையே விட்டுவிட்டார்.

அடுத்த மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதுகுப் பக்கமாக வலி என்று சுருண்டு படுத்தாள். மருந்துக்கடை மாத்திரைக்கு மசியவில்லை. கடைசியில் நானும் மாமாவுமாகக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சிறுநீரகத்தில் கிருமி என்றார் டாக்டரம்மா. ஊசி ஏறிக்கொண்டிருந்தபோது கட்டிலருகே வந்து கேட்டார்.

"தண்ணி நல்லாக் குடிப்பீங்களாம்மா?"

அக்கா பதில் சொல்லுமுன் மாமா முந்திக்கொண்டார். பயத்தில் இருக்கிற மனிதர் எதையாவது பேசுவார் அல்லவா, அப்படி. "அதுல குறையே இல்ல டாக்டர். வீட்டுக்கு வந்தா ஒரு குடம் காலியாகும். நான் அவளை ஒட்டகம்னுதான் கூப்பிடுவேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வீட்டுக்கு வந்தா சரி. வர்ற வரைக்கும்?"

அக்கா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வர்ற வரைக்கும் ஒரு மடக்கு இல்ல டாக்டர். குடிச்சா அடக்கிட்டு உட்கார முடியாது. எங்க சந்தையில யாருமே குடிக்கிறதில்ல. கீரைக்கார அத்தைக்கு வெயில்ல மயக்கமே வந்திருக்கு. வாயைக் கொப்பளிச்சுத் துப்பிட்டு வியாபாரம் பண்ணுவோம்."

தினமும் அவள் குரலைக் கேட்டபடி கால்சட்டைக்கு விளிம்பு அடித்துக் கொண்டிருந்தவன் நான். என் மிஷின் பக்கத்தில் எப்போதும் ஒரு செம்பு தண்ணீர் இருக்கும். எத்தனையோ நாள் அவளிடம் நீட்டியிருக்கிறேன், அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். ஏன் வேண்டாம் என்கிறாள் என்று கேட்டதில்லை. அந்த இடத்தில் எனக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாமா முகம் செத்துப்போயிருந்தது.

டாக்டரம்மா நகர்ந்ததும் அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இதுதான் சொல்ல வந்தியா அன்னிக்கு? எனக்குத் தெரியாதுடி. அந்த ஆளு கண்ணாடியைக் கழட்டினாரு, நான்..."

"கழட்டல" என்றாள் அக்கா.

சாதாரணமாகத்தான் சொன்னாள். தக்காளி நேற்றைய விலை இல்லை என்பதுபோல.

"நான் அவர் மூஞ்சியைப் பார்த்துத்தாங்க பேசினேன். வேற எங்க பார்க்கிறது? எல்லாரும் சிரிச்சாங்க, அவர் ஒருத்தர்தான் சிரிக்காம எழுதிட்டிருந்தாரு. கண்ணாடி மூக்கு மேலதான் இருந்துச்சு. நீங்க ராத்திரிச் சாப்பாட்டுல சொன்ன கதைதானே, எனக்கும் அந்தச் சைகை தெரியும்ல? கழட்டிடுவாரோன்னு அதையே பார்த்துட்டுதான் பேசினேன்."

மாமா தலையைக் குனிந்துகொண்டு, "அவனுங்க சிரிச்சானுங்க" என்றார். "மைக்செட்டு சம்சாரம்னு சொல்லிச் சிரிச்சானுங்க. எனக்கு அவமானமாப் போச்சு."

"என்னைப் பார்த்தா?"

மாமா அங்கிருந்து போய் வராந்தாவில் செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். பெரிய மனிதர், கூனிக் குறுகி, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் போகிறவரின் செருப்புகளுக்கு நடுவில். எனக்குப் பரிதாபமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "எழுந்திருங்க மைக்செட்டு" என்று மட்டும் சொன்னேன்.

அக்கா தேறி வந்தாள். சந்தைக்குப் போக ஆரம்பித்தாள். இப்போது மத்தியானம் மாமா வந்து கடையைப் பார்த்துக்கொள்வார், அவள் வீட்டுக்கு ஒரு நடை போய் வருவாள். மற்றப் பெண்களுக்கு அந்த வசதியும் இல்லை. கீரைக்கார அத்தை மாமாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தராசைப் பிடிக்கத் தெரியாமல் அவர் தடுமாறும்போது ஒருத்தியும் உதவிக்கு வர மாட்டாள்.

நகராட்சி மறுபடி வந்தது. எங்கள் பேட்டைக்கு என்னென்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று கேட்கும் கூட்டம். வேகத்தடை உண்டு, வேலி உண்டு, பூங்காவுக்குப் பெஞ்சு உண்டு. அக்கா பாதியில் விட்டது கணக்கில் வரவில்லை, வரைபடத்தில் சந்தை இருக்கும் இடம் வெறுமையாக இருந்தது. அதில் ஏறாதது எதுவும் நடக்காது. சந்தைப் பெண்கள் வந்திருந்தார்கள், ஆனால் பேசுவதற்கு இல்லை. என்னதான் நடக்கிறது பார்க்கலாம் என்று கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நடுவில் இருந்தாள்.

மாமா மைக் அருகே வந்தார். "ஹலோ, மைக் டெஸ்ட்" என்றார். வழக்கமாக அதோடு ஓடிவிடுவார். அன்று ஓடவில்லை.

"போன கூட்டத்துல மைக்குல கோளாறு எதுவும் இல்ல" என்றார். ஹாலில் அவர் குரலை முதன்முதலாகக் கேட்டவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். "நான்தான் திருகினேன். யாரும் சொல்லல. நானாத்தான். பேசினது என் வீட்டுக்காரி. நாலு பேரு சிரிச்சதுக்கு எனக்கு வெட்கமாயிடுச்சு. அதான் வாயை அடைச்சேன்."

எங்கள் பேட்டையில் நல்லது கெட்டது எதையும் முழுதாக நடக்க விடமாட்டார்கள். பக்கத்துப் பேட்டைக் கணக்கு வாத்தியார், எல்லாக் கூட்டத்துக்கும் போகிறவர், நடுவரிசையில் எழுந்து நின்றார். "அப்போ எனக்குக் கூவினது?"

"உங்களுக்கும் நான்தான் சார்."

"வடிகால் சரிவு சொன்னப்பவா?"

"ஆமா சார்."

ஹால் சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. அதிகாரி, பாவம், வேர்த்துப்போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். திருக ஆளில்லை. மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எல்லாரும் சிரித்து ஓயும்வரை நின்றுவிட்டு, கடைசி வரிசையைப் பார்த்து, "வந்து சொல்லும்மா" என்றார். அவளை அவர் அம்மா போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அக்கா உடனே எழுந்திருக்கவில்லை. அவள் வரமாட்டாள் என்றே நினைத்தேன். கீரைக்கார அத்தை முழங்கையால் இடித்த பிறகு எழுந்தாள். நடந்து வந்தாள். மாமா வழக்கப்படி பெட்டிக்குப் பின்னால் போய் உட்காரப் போனார்.

"அங்க வேண்டாம்" என்றாள் அக்கா மைக்கில். "இப்படி வெளிய வந்து உட்காருங்க."

மாமா மரப்பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லோருக்கும் தெரியும்படி, மேடை முன்னால் உட்கார்ந்தார்.

"கை ரெண்டையும் முட்டி மேல வைங்க. எனக்குத் தெரியணும்."

யாரோ ஒருவன் மறுபடி சிரிக்க ஆரம்பித்து, துணைக்கு ஆள் சேராமல் நிறுத்திக்கொண்டான். மாமா இரண்டு கைகளையும் விரித்து முட்டி மேல் வைத்தார். பள்ளிக்கூடத்தில் அடிவாங்கக் காத்திருப்பவன் மாதிரி. அக்கா அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள், விட்ட இடத்திலிருந்து. "அதனால நாங்க காலையில இருந்து தண்ணி குடிக்கிறதில்ல" என்று. ஆஸ்பத்திரியையும் சொன்னாள், மயக்கத்தையும் சொன்னாள், பூட்டையும் சாக்குமூட்டையையும் சொன்னாள். மாமா தலையை நிமிர்த்தவே இல்லை.

பூட்டு திறந்தது. குழாய் வந்தது. ஒரு கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் சரியில்லை, பெண்கள் வெளியே ஒருத்தியைக் காவல் வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். அடுத்த பேட்டைக் கூட்டத்திலிருந்து அதிகாரி வேறு செட்டை வைத்துக்கொண்டார், மாமா ஏன் என்று கேட்கப் போகவில்லை. அக்கா பக்கத்தில் இப்போது ஒரு கூஜா தண்ணீர் இருக்கிறது. இருவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பேசுகிறார்கள், சிலசமயம் சிரிக்கவும் செய்கிறார்கள்.

ஆனால் போன வாரம் அங்கே சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, அக்கா ஏதோ சொல்ல வந்தாள். முக்கியமான விஷயம் போலிருந்தது. "ஏங்க" என்று ஆரம்பித்தவள் ஒரு நொடி நிறுத்தி, மாமாவின் கையைப் பார்த்தாள். மாமா சோற்றை விட்டுவிட்டு, எச்சில் கையையும் சேர்த்து, இரண்டையும் எடுத்து முட்டி மேல் வைத்தார்.